வால்வு ஆபரேஷனுக்கு முன்னாடி ஹெச்பிஏ1சி 9.6: பத்து நாள்ல இறக்க முடியுமா?

வள்ளியூர்க்காரன், 14 ஜூன் 2025

அம்மாவுக்கு 61 வயசு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால மைட்ரல் வால்வு சுருங்கிப் போச்சு. இப்ப துடிப்பும் தாறுமாறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்றாங்க. வால்வை மாத்துறப்பவே துடிப்புக்கு மேஸ்னு ஒண்ணையும் சேர்த்துப் பண்ணிடலாம்னு சர்ஜன் சொன்னார். தேதி குறிச்சு, ரத்தம் குடுக்க ஆள் வரைக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. கடைசியில ஹெச்பிஏ1சி 9.6-னு வந்ததும் "சுகரைக் குறைச்சிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. துடிப்புக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? பத்து நாள்ல 7-க்குக் கொண்டுவர ஏதாவது வழி இருக்கா? நான் சென்னையில வேலை பாக்குறேன், அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. பாகற்காய் ஜூஸோ, சோத்தையே நிறுத்துறதோ, எதுவானாலும் சொல்லுங்க.

பாளை மெஸ் அக்கா, 14 ஜூன், ராத்திரி

பத்து நாள்ல 9.6-ஐ 7 ஆக்க வழி கிடையாது தம்பி. வழி இருக்குன்னு யாராவது வந்தா பர்ஸைப் பத்திரமா வச்சுக்கோ.

அந்த டெஸ்ட் இன்னிக்கு இருக்கிற சுகரைப் பாக்கிறது இல்ல. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும். அம்புட்டு நாளும் அதுல எவ்வளவு சர்க்கரை ஒட்டிச்சோ அதைத்தான் அளக்குது. 9.6-னா ரெண்டு மூணு மாசமா சராசரி 229 பக்கம் ஓடியிருக்கு. 7-னா 154. ஒரு ஆறுதல் என்னன்னா, கடைசி ஒரு மாசத்துச் சுகருக்கு மட்டும் அந்த நம்பர்ல ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு. ஒரு மாசம் ஒழுங்கா இருந்தா நகர ஆரம்பிச்சிரும்.

சோத்தை நிறுத்துறது வேண்டவே வேண்டாம். என்ன மாத்திரை சாப்பிடுதாவ, இன்சுலின் உண்டா, துடிப்புக்கு என்ன குடுத்திருக்கு, படுத்தா மூச்சு வாங்குதா, முதல்ல அதை எழுது.

15 ஜூன்

நீங்க டாக்டரான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. இல்ல. பாளையங்கோட்டையில மெஸ் நடத்துதேன். காலேஜ் பிள்ளைகளும், ஆஸ்பத்திரியில ஆளைச் சேர்த்துட்டு வெளியே தங்கியிருக்கவங்களும்தான் சாப்பிட வருவாவ. எனக்கும் இதே வால்வு, இதே மேஸ். தேதி குறிச்சபிறகு சுகருக்காகத் திரும்பி வந்ததும் இதே மாதிரிதான். அந்தக் கோவத்துல பஸ்ல யார்கிட்டயும் பேசாம வந்தேன். எங்க வீட்டுக்காரவுக வாங்கிக் குடுத்த சுக்குக் காப்பியைக்கூடத் தொடல. (அதுலயும் கருப்பட்டி. குடிக்காததே நல்லது.)

என் சுகர் ஏன் இறங்கலைன்னு யாருக்கும் புரியல. டயட் சொல்லுத பிள்ளை "ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதிட்டு வாங்கக்கா"ன்னா. எழுதிட்டுப் போனேன். காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, பொரியல், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அந்தப் பிள்ளை பாத்துட்டு, "இதுக்கு இவ்வளவு ஏறாதேக்கா"ன்னு பேனாவைக் கன்னத்துல வச்சுக்கிட்டு யோசிக்கா. வீட்டுக்காரவுக பக்கத்துல இருந்து, "ருசி பாக்கிறதை எழுதினியா?"ன்னாவ.

அதுக்குப் பிறகு ஒரு காலைப்பொழுது எங்க வேலைக்காரப் பிள்ளையை உக்காத்தி என்னையவே பாக்கச் சொன்னேன். சொதி கொதிச்சதும் கரண்டியில இருந்து இடது உள்ளங்கையில ஊத்தி ஒரு உறிஞ்சு. தேங்காப்பால் திரியுதான்னு இன்னொண்ணு. வடையில முதல் ஈட்டுல ஒண்ணைப் பிட்டு உப்புப் பாத்தாச்சு, மிச்சத்தைக் கீழே போட மனசு வராதுல்லா, அதுவும் வாய்க்குள்ள. எலுமிச்சை சாதம் ஒரு உருண்டை. பாயாசம் இருந்தா இனிப்புக்கு ஒரு கரண்டி, ஏலத்துக்கு ஒரு கரண்டி, ஆறின பிறகு கெட்டியாகிட்டான்னு ஒரு கரண்டி. பந்திக்கு இலை போடுறதுக்கு முன்னாடியே நான் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன், உக்காராம.

மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி அம்மாவோட ஒரு நாளை யாராவது பக்கத்துல இருந்து பாக்கணும்னு இதுக்காகத்தான் சொல்லுதேன். எழுதச் சொன்னா யாரும் உள்ளதை எழுத மாட்டாவ. பொய் சொல்லணும்னு இல்ல. அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குலயே வராது.

17 ஜூன்

"துடிப்புக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்"ங்கிற கேள்விக்கு வாரேன். இதுல ரெண்டு விஷயம் இருக்கு. எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் குழப்புதாவ.

முதல் விஷயம் புண். உங்கம்மாவுக்குச் செய்யப் போறது நெஞ்செலும்பைப் பிளந்து செய்யுத ஆபரேஷன். அந்த எலும்பு கூடணும், மேல தோல் ஆறணும், உள்ளே சீழ் வைக்கக் கூடாது. சுகர் ஏறிக் கிடந்தா வெள்ளையணு கிருமியோட சரியா சண்டை போடாது. அமெரிக்காவுல போர்ட்லாண்டுல ஃபர்னரிங்கிற சர்ஜனோட குழு 1999-ல ஒரு கணக்கு வெளியிட்டாவ. சுகர் உள்ள நோயாளிகளுக்கு இதய ஆபரேஷனைச் சுத்தி இன்சுலினைச் சொட்டு சொட்டா நரம்புல ஏத்தி, சுகரைக் கட்டுக்குள்ள வச்சதும் நெஞ்செலும்புல ஆழமாச் சீழ் வைக்கிறது 2 சதவீதத்துல இருந்து 0.8-க்கு இறங்கிச்சு. நெஞ்செலும்புல சீழ் வச்சா மறுபடி திறந்து கழுவணும், மாசக் கணக்குல படுக்கை. சர்ஜன் திருப்பி அனுப்பினதுக்கு முதல் காரணம் இதுதான்.

ரெண்டாவதுதான் துடிப்பு. ரொம்ப வருஷம் சுகர் இருந்தா இதயத்தோட மேலறைச் சதையில நார் விழும், மின்சாரம் ஓடுற வழி தாறுமாறாகும். அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரங்களை வருஷக்கணக்காத் தொடர்ந்து பாத்து 1994-ல வந்த முடிவுலயே, சுகர் உள்ள ஆம்பளைக்கு இந்தத் துடிப்பு வர வாய்ப்பு 1.4 மடங்கு, பொம்பளைக்கு 1.6 மடங்குன்னு இருக்கு. நமக்கு வால்வு சுருங்கினதுதான் மூல காரணம், சுகர் கூடச் சேர்ந்துக்கிட்டது.

மேஸ் என்னன்னு கேட்டிருந்தியே. கண்மாய்த் தண்ணி கண்டபடி பரவாம வரப்பு போட்டு ஒரே மடைக்குக் கொண்டுபோற மாதிரிதான். மேலறைச் சுவர்ல கோடு கோடா தழும்பு உண்டாக்கிருதாவ. தழும்பு வழியா மின்சாரம் ஓடாது. அதனால சுத்திச் சுத்திச் சுழல முடியாம ஒரு வழியாத்தான் கீழே இறங்கணும். 1987-ல ஜேம்ஸ் காக்ஸ்ங்கிறவர் முதன்முதல்ல செஞ்சப்ப கத்தியால வெட்டி வெட்டித் தைச்சிருக்காரு. இப்ப பெரும்பாலும் சூடு வச்சோ உறைய வச்சோ கோடு போடுதாவ. கூடவே இடது மேலறையில காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற, ரத்தக் கட்டி ஒளிஞ்சுக்கிற சின்னப் பையையும் மூடிருவாவ.

18 ஜூன்

நாங்குநேரி அண்ணாச்சி கோவப்பட்டிருக்காரு. "என் தம்பிக்குத் தொடை வழியாக் கம்பி விட்டுச் சுட்டாங்க, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டான், சுகரைப் பத்தி யாரும் பேசல, இவங்க பயமுறுத்துறாங்க."

அண்ணாச்சி, உங்க தம்பிக்குச் செஞ்சது கத்தீட்டர் அப்லேஷன். பிரான்சுல போர்டோ டாக்டர்கள் 1998-ல, இந்தத் துடிப்பைக் கிளப்பி விடுற பொறி பெரும்பாலும் நுரையீரல்ல இருந்து வார ரத்தக்குழாய் வாசல்லதான் இருக்குன்னு கண்டுபிடிச்சபிறகு வளர்ந்த முறை. நெஞ்சைத் திறக்கிறது இல்ல, அதனால புண் பயம் கம்மி. வால்வு சுருங்கினவங்களுக்கு அது மட்டும் பத்தாது, வால்வைச் சரி பண்ணணும்.

ஆனா அங்கேயும் சுகருக்கு வேலை இல்லைன்னு சொல்ல முடியாது. கிளீவ்லாண்ட் கிளினிக்காரங்க 2019-ல வெளியிட்டது: சுகரோட அப்லேஷன் செஞ்சுக்கிட்ட 298 பேர்ல, முன்னாடியே ஹெச்பிஏ1சி 9-க்கு மேல இருந்தவங்கள்ல நூத்துக்கு 69 பேருக்குத் துடிப்பு திரும்ப வந்திருக்கு. 7-க்குக் கீழே இருந்தவங்கள்ல 32 பேருக்கு. இது நடந்ததைத் திரும்பிப் பாத்த கணக்கு, சீட்டுப் போட்டு ரெண்டு கூட்டமாப் பிரிச்சுச் செஞ்ச சோதனை இல்ல. சுகரை ஒழுங்கா வச்சிருக்கிறவன் நடக்கவும் செய்வான், மாத்திரையும் விடாமப் போடுவான், எடையும் குறைச்சிருப்பான். எதால நல்லாச்சுன்னு பிரிக்க முடியாது. ஆனாலும் என் வீட்டு ஆளா இருந்தா நான் 7 பக்கம்தான் நிப்பேன்.

18 ஜூன், பிறகு

கருப்பட்டி நல்லதுதானேன்னு அதுக்குள்ள ரெண்டு பேர் கேட்டாச்சு. உடன்குடிக் கருப்பட்டிக்கு நான் எதிரி கிடையாது. உளுந்தங்களிக்கு அது இல்லாம என்ன களி! ஆனா அதுல பெரும்பங்கு சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். பனைமரத்துக்கு ரத்த சுகர் தெரியாது.

21 ஜூன்

தம்பி மருந்துச் சீட்டு போட்டோ போட்டிருக்கான். (பேரை மறைச்சுப் போடுப்பா.) சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, துடிப்புக்கு மெட்டோபுரோலால், ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம், தண்ணி போக லாசிக்ஸ். இப்ப புதுசா ராத்திரிக்கு இன்சுலின் ஆரம்பிச்சிருக்காவ. இதைப் பாத்ததும் எனக்குப் பழைய பயம் வந்துட்டு.

சுகர் தாழ்ந்தா கை நடுங்கும், நெஞ்சு படபடங்கும். அதை வச்சுத்தான் நமக்குத் தெரியும். மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை அந்த ரெண்டையும் அமுக்கிரும். வேர்வை மட்டும் அமுங்காது. அதனால அம்மாட்ட இப்படிச் சொல்லு: "காத்தடிக்கிற நேரத்துல பிடரி நனைஞ்சா யோசிக்காம சுகர் மெஷின்ல குத்திப் பாரு." 70-க்குக் கீழே இருந்தா மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாக்கணும். ஏறினபிறகு இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடணும். அந்த நேரத்துல சாக்லேட் குடுக்காதீங்க, அதுல இருக்கிற கொழுப்பு சுகர் ஏறுறதைத் தாமதம் பண்ணிரும்.

இதய நோயாளிக்குத் தாழ்ந்த சுகர் ஒசந்த சுகரைவிடச் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். துடிப்பையும் கெடுக்கும். கிளிமிப்பிரைடு போட்டுக்கிட்டு சோத்தை நிறுத்தினா என்ன ஆகும்னு இப்பப் புரியுதா? 14-ஆம் தேதி ராத்திரி நான் கத்தினது அதுக்குத்தான்.

தனியா இருக்காவன்னியே. "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டுல இருந்து நடக்கு. சுகர், பிரஷர் உள்ளவங்களுக்கு வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை குடுக்காவ. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுத்து வை. அதுபோக, பக்கத்து வீட்டுல ஒரு ஆளுக்கு மெஷின்ல குத்திப் பாக்கக் கத்துக்குடு. காலையில ஒருக்கா, ராத்திரி படுக்கும்முன்னாடி ஒருக்கா நம்பரை உனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பட்டும்.

22 ஜூன்

பாகற்காய் ஜூஸ் பத்தி நான் எதுவும் சொல்லலையாம். குடிக்கணும்னா குடிக்கட்டும், மாத்திரைக்குப் பதிலா வேண்டாம். எங்க மெஸ்ல பாகற்காய் வறுவலுக்குத்தான் கூட்டம்.

4 ஜூலை

ஊர்ல ஆனித் திருவிழா. தேரோட்டத்துக்கு இன்னும் நாலு நாள்தான். மெஸ்ல நிக்க நேரம் இல்ல, அதனால சுருக்கமா.

பல்லு. ஆமா, பல்லுதான். "வால்வு ஆபரேஷனுக்குப் பல் டாக்டர் எதுக்கு"ன்னு தம்பி கேக்கான். பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து புது வால்வுல போய் உக்காந்துரும். அதனாலதான் சொத்தை, சீழ் எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சிட்டு வரச் சொல்லுதாவ. இதுல இன்னொரு லாபமும் உண்டு. எனக்குக் கடைவாய்ப் பல்லுல ஒரு சீழ் இருந்தது, வலியே இல்ல. அதைப் பிடுங்கினபிறகுதான் காலை சுகர் கீழே வந்துச்சு. உடம்புல எங்கே சீழ் இருந்தாலும் சுகர் இறங்காது. பாதம், விரலிடுக்கு, மூத்திரம், எல்லாத்தையும் பாத்திருங்க. அசிட்ரோம் சாப்பிடுறவங்க பல் பிடுங்கப் போறதுக்கு முன்னாடி இதய டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும். தானா நிறுத்தக் கூடாது.

திருவிழாக் கடையில "சுகர் ஃப்ரீ அல்வா"ன்னு போர்டு பாத்தேன். கோதுமைப் பால் எப்படிங்க சுகர் ஃப்ரீ ஆகும்? சீனியை எடுத்துட்டாலும் மாவுச்சத்து அங்கனதானே இருக்கு. கேட்டேன். "உங்களுக்கு வேண்டாம்னா நகருங்க"ன்னான். நகந்துட்டேன், நெய் வாசம் கொஞ்ச தூரம் கூடவே வந்துச்சு.

6 ஜூலை

சாப்பாட்டுப் பட்டியல் கேக்காவ. பட்டியல் போட மாட்டேன், ஆளாளுக்கு மாறும். என் அடுப்படியில நான் மாத்தினதை மட்டும் சொல்லுதேன்.

சோத்தை விடல. முதல்ல காய், அவியலோ கூட்டோ பொரியலோ ஒரு கிண்ணம். பிறகு கடலையோ மீனோ முட்டையோ. சோறு கடைசியில, ஒரு கப். வரிசையை மாத்தினதுக்கே சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கிற சுகர்ல வித்தியாசம் தெரிஞ்சது. சிறுதானியம்னா எவ்வளவும் சாப்பிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: கேழ்வரகைக் கூழாக் கரைச்சுக் குடிச்சா சர்ருனு ஏறும். என் மெஷின்ல இட்லியைவிட மோசம். ருசி பாக்கிற வேலையை மைனி மகள்ட்ட குடுத்துட்டேன். முதல் வாரம் உப்புக் கூடிச்சு, காலேஜ் பிள்ளைகள் மூஞ்சியைச் சுளிச்சதுங்க, பிறகு பழகிட்டா. இப்ப என்னைவிட அவ கைப்பக்குவம் நல்லாருக்குன்னு சொல்லுதாவ. அதுலயும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கீரை பத்தி: அசிட்ரோம் சாப்பிடுறவங்க முருங்கைக்கீரையை அடியோட நிறுத்த வேண்டியது இல்ல. அதுல இருக்கிற வைட்டமின் கே மருந்துக்கு எதிரா வேலை செய்யும். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுதீங்களோ அதே அளவுல வச்சுக்கிடணும். ஒரு வாரம் கட்டுக்கட்டா, மறுவாரம் ஒண்ணுமே இல்லைன்னா ஐஎன்ஆர் (ரத்தம் உறையுற வேகத்தைப் பாக்கிற டெஸ்ட் நம்பர்) ஊஞ்சலாடிரும்.

12 ஜூலை

தம்பிக்கு இப்ப எதிர்ப்பக்கத்துல வெறி. அம்மாவோட காலை சுகரை 90-க்குக் கொண்டுவரணும்னு இன்சுலினைத் தானா ரெண்டு யூனிட் கூட்டச் சொல்லியிருக்கான், சென்னையில இருந்துக்கிட்டே. ஏலே, நிறுத்து.

தாழ்த்தத் தாழ்த்த நல்லதுன்னு ஒரு காலத்துல டாக்டர்களே நினைச்சாவ. 2009-ல நைஸ்-சுகர்னு ஒரு பெரிய சோதனை வந்துச்சு. ஐசியூவுல கிடந்த ஆறாயிரம் பேருக்கு மேல. ஒரு பாதிக்குச் சுகரை 81-ல இருந்து 108-க்குள்ள இறுக்கிப் பிடிச்சாவ, இன்னொரு பாதிக்கு 180-க்குள்ள இருந்தாப் போதும்னு விட்டாவ. இறுக்கிப் பிடிச்ச பக்கம்தான் சாவு கூடுதல்: 27.5 சதவீதம், மத்தப் பக்கம் 24.9. அதுக்குப் பிறகுதான் இதய ஆபரேஷன் சமயத்துல 180-க்குக் கீழே, ஆனா ரொம்பவும் இறக்காமங்கிற பழக்கம் ஊன்றிச்சு. அது ஐசியூ கணக்கு, வீட்டுக்கு அப்படியே பொருந்தாதுன்னு யாராவது சொல்லுவாவ. சரிதான். வீட்டுல நர்ஸ் கிடையாது, மணிக்கொருதரம் குத்திப் பாக்க ஆள் கிடையாது. அப்ப இன்னும் நிதானமால்ல இருக்கணும்?

13 ஜூலை

அமெரிக்காவுல இருந்து ஒருத்தர், அங்கே ஹெச்பிஏ1சி 6.5 இல்லாம ஆபரேஷன் மேசையில ஏத்த மாட்டாங்கன்னு எழுதியிருக்காரு. ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு கோடு. பிரிட்டன்ல அவசரமில்லாத ஆபரேஷனுக்கு 8.5-க்குக் கீழேன்னு வச்சிருக்காவ. கோடு எங்கே இருந்தாலும், நோய் காத்திருக்குமாங்கிறதுதான் சர்ஜன் முதல்ல பாக்கிறது. மூச்சு முட்டி, நுரையீரல்ல நீர் கோத்துக் கிடக்கிறவங்களைச் சுகருக்காக மூணு மாசம் வீட்டுக்கு அனுப்ப மாட்டாவ. சேர்த்து வச்சு இன்சுலின் ஏத்தி, அந்தந்த நாள் சுகரைக் கட்டி, ஆபரேஷனை முடிச்சிருவாவ. உங்கம்மாவைத் திருப்பி அனுப்பினதே அவங்களுக்கு அவகாசம் இருக்குன்னுதான். ஆனா ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உக்காந்தாலோ, கால் வீங்கினாலோ, ஹெச்பிஏ1சிக்காகக் காத்துக்கிட்டு இருக்காதே. உடனே கூட்டிட்டுப் போ.

நான் அந்த விஷயத்தை முதல் நாளே எழுதியிருக்கணும்னு வீட்டுக்காரவுக சொல்லுதாவ. நான் எழுதுறதை எல்லாம் படிக்காவளாம். தெரியாமப் போச்சே.

23 ஜூலை

நாளைக்கு ஆடி அமாவாசை. எங்க தெருவுல பாதிப் பேர் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்கு வண்டி கட்டியாச்சு. தம்பியோட அம்மா விரதம் இருக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்காவளாம், அவுக வீட்டுக்காரருக்குத் தர்ப்பணம் குடுக்கிற நாள்.

அம்மாட்ட போய் "சாமி கோவிச்சுக்காது"ன்னு சொல்லிப் பிரயோசனம் இல்ல தம்பி, அது அவங்களுக்கும் உங்கப்பாவுக்கும் உள்ள கணக்கு. நீ செய்ய வேண்டியது, இன்னிக்கே டாக்டருக்கு போன் போட்டு, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டாங்க, எந்த மாத்திரையை விடணும், இன்னிக்கு ராத்திரி இன்சுலின் எவ்வளவுன்னு கேட்டுக்கிடு. தர்ப்பணத்தைக் காலையில சீக்கிரம் முடிச்சு இலையைப் போட்டுட்டா பாதிப் பிரச்சனை தீந்துரும். ஐயர்ட்ட நேரத்தைச் சொல்லி வச்சாக் கேப்பாரு.

2 ஆகஸ்ட்

நல்ல கேள்வி ஒண்ணு வந்திருக்கு, தென்காசியில லேப் வேலை பாக்கிற பிள்ளை கேட்டிருக்கா: அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?

எதுக்குன்னா, இரும்புச்சத்துக் குறைஞ்ச சோகை இருந்தா ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாக் காட்டும். ரத்தம் ஏத்தியிருந்தாலோ, ரத்தம் போயிருந்தாலோ குறைச்சுக் காட்டும். அப்ப அந்த 9.6-ஐ மட்டும் நம்பக் கூடாது, மெஷின்ல குத்தின நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். தம்பி உடனே ரிப்போர்ட்டைத் தேடி 9.8-னு போட்டிருக்கான். சோகைதான். 9.6-ல கொஞ்சம் சோகையோட வேலையும் இருந்திருக்கலாம், ஆனா வீட்டுல குத்தின நம்பரும் 200-க்கு மேலதான் இருந்துச்சு, அதனால டாக்டர் திருப்பி அனுப்பினது தப்பில்ல. சோகையோட பெரிய ஆபரேஷனுக்குப் போறதும் நல்லதில்ல, ரத்தம் அதிகமா ஏத்த வேண்டிவரும். இரும்புக்கு மருந்து கேளுங்க. முருங்கைக்கீரையில இரும்பு இருக்கேன்னு அள்ளிப் போட்டுராதீங்க, ஜூலை 6-ஆம் தேதி எழுதினது ஞாபகம் இருக்கட்டும்.

30 ஆகஸ்ட்

ஹெச்பிஏ1சி 7.7! சோகையும் தேறியிருக்கு. சர்ஜன் தேதி குடுத்துட்டாரு. தம்பி வரிசையா அழுகை பொம்மை போட்டிருக்கான்.

இனி மருந்து நிறுத்துற விஷயம். இதை மயக்க மருந்து டாக்டர்ட்ட எழுதி வாங்கிக்கிடு, என்னைக் கேட்டுச் செய்யாதே. கேக்க வேண்டியதை மட்டும் சொல்லுதேன். போன மாசம் இதய டாக்டர் புதுசா ஒரு மாத்திரை சேர்த்தாரே, டாபாகிளிஃப்ளோசின், அதைச் சுகர் டாக்டர்ட்ட சொன்னியா? சொல்லலேல்லா? மூத்திரம் வழியாச் சுகரை வெளியேத்துற அந்த வகை மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைஞ்சது மூணு நாள் முன்னாடி நிறுத்தணும். இல்லாட்டி சுகர் பாக்க நல்லா இருக்கும்போதே ரத்தத்துல அமிலம் கூடிப் புளிச்சுப் போற ஆபத்து உண்டு. மெஷின்ல நம்பர் சாதாரணமா இருக்கிறதால யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் அதுல மோசம்.

ராத்திரி போடுற நீண்ட நேர இன்சுலினை முதல் நாள் முழுசா நிறுத்த மாட்டாவ, வழக்கமாப் போடுற அளவுல முக்கால் பங்கு பக்கம் போடச் சொல்லுவாவ. கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் அன்னிக்குக் காலையில கிடையாது. அசிட்ரோம் தனிக் கதை, எப்ப நிறுத்தி, அதுக்குப் பதிலா ரத்தம் உறையாம இருக்க எப்ப ஹெப்பாரின் ஊசி போடணும்னு அவங்க சொல்லுவாவ. எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போ. பேரை வாயால சொல்லாதே.

காலையில முதல் கேஸா எடுக்க முடியுமான்னு கேட்டுப் பாரு. சுகர்காரங்களை மத்தியானம் வரைக்கும் பட்டினி போடுறது நல்லதில்ல.

11 செப்டம்பர்

ஆபரேஷன் முடிஞ்சுது, ஐசியூவுல இருக்காவ. "சுகர் 240 வந்திருச்சு, இவ்வளவு பாடுபட்டது வீணா?"ன்னு தம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதியிருக்கான்.

வீணில்ல. நெஞ்சைத் திறந்த உடம்பு பயந்துபோய் ஹார்மோனைக் கொட்டும், சுகரே இல்லாதவங்களுக்குக்கூட அன்னிக்கு ஏறும். அதுக்குத்தான் இன்சுலின் சொட்டும், மணிக்கொருதரம் குத்துறதும். ரெண்டு மூணு நாள்ல இறங்கும். நீ வெளியே போய் ஏதாவது சாப்பிடு. கேன்டீன்ல கிடைக்கிற ரெண்டு புரோட்டாவாவது தின்னு, உனக்குச் சுகர் இல்லைல்லா.

28 செப்டம்பர்

வீட்டுக்கு வந்தாச்சாம். உலோக வால்வு, அசிட்ரோம் ஆயுசுக்கும். சில நாள் மறுபடி துடிப்பு தாறுமாறா ஓடுதுன்னு பயப்படுதான். முதல் மூணு மாசம் அப்படி வரும், சூடு பட்ட சதை ஆறணும்லா. அதை வச்சு மேஸ் தோத்துட்டுன்னு யாரும் முடிவு கட்ட மாட்டாவ. ஈசிஜி எடுத்து டாக்டருக்கு அனுப்பு.

எனக்குள்ள கவலை வேற. ஆஸ்பத்திரியில எழுதிக்குடுத்த இன்சுலின் அளவு, உடம்பு அடிபட்டுக் கிடந்த நாளோட அளவு. புண் ஆற ஆற தேவை குறையும், சாப்பாடோ இன்னும் பழையபடி இறங்காது. அதே அளவைப் போட்டுக்கிட்டே இருந்தா ரெண்டு மூணு வாரத்துல சுகர் தாழும். மெட்டோபுரோலால் இன்னும் ஓடுது, நடுக்கம் தெரியாது. அடுத்த செக்கப் வரைக்கும் காத்திராம, காலை நம்பர் 100-க்குக் கீழே வர ஆரம்பிச்ச அன்னிக்கே சுகர் டாக்டருக்கு போன் போடு. அடுத்த ஹெச்பிஏ1சியையும் ரொம்ப நம்பாதே. ரத்தம் ஏத்தியிருக்கு, உலோக வால்வுல அடிபட்டும் சிவப்பணு கொஞ்சம் சீக்கிரம் உடையலாம், நம்பர் பொய்யா நல்லாத் தெரியும். குத்திப் பாக்கிற நோட்டைத் தூக்கிப் போட்டுராதே.

அம்மா என்ன சாப்பிடலாம்னு தம்பி மறுபடி கேட்டிருக்கான். அவியலும் ஒரு கப் சோறும். சொதி வேணும்னா கேட்ட அளவுக்கு ஒரு கரண்டி, உக்காந்து, இலையில.